இல்லை என்று எழுதிய கட்டம்

அத்தியாயம் பதினொன்று

அமலதாசைத் திட்டி இந்த வாரமும் கடிதங்கள் வந்திருக்கின்றன. "பெண்சாதிக்கு மார்பில் கட்டி. நாலு தரம் மருந்து ஏற்றித் தலைமுடியெல்லாம் கொட்டிவிட்டது. இந்த மனிதன் ஒரு நாளாவது ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாரா?" என்று ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இல்லை, அம்மா. நானும் பத்து அத்தியாயமாக அவரைத் தள்ளிப் பார்க்கிறேன். கடல் என்றால் கழுத்தளவில் இறங்குவார், ஆஸ்பத்திரி என்றால் கால் எழும்பாது.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு. அமலதாசின் மனைவி யூலியட், நெடுந்தீவு, வயது நாற்பத்தெட்டு. ஒரே மகள் கஜாலினி யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். நாலு மாதத்துக்கு முன் யூலியட்டின் இடது மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. மருந்தில் கட்டி அடங்கியிருந்தால் அதை மட்டும் வெட்டி எடுக்கலாம். அடங்காவிட்டால் மார்பு முழுவதையும் எடுக்கவேண்டும். அதை அளந்து பார்க்கத்தான் இன்று இரண்டாவது காந்த ஸ்கான்.

"இந்த வயசில அது இருந்தென்ன, போயென்ன?" என்று ஊரில் ஒருத்தி யூலியட்டின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். யூலியட்டுக்குத் தன் உடம்பு முழுசாக வேண்டும். அதைச் சொல்லத்தான் அவளுக்கு ஒருவரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவள் எழும்பியபோது அமலதாஸ் கடலுக்குப் போய்விட்டார். குளிக்கச் சுடுதண்ணீர் வைத்திருந்தார். பிளாஸ்கில் பால் விடாத பிளேன் ரீ இருந்தது. அவளுடைய கிளினிக் கொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்து, வாயையும் இழுத்துப் பூட்டியிருந்தார். இத்தனையும் செய்யத் தெரிந்த மனிதருக்கு, "நானும் வாறன்" என்ற இரண்டு சொல் மட்டும் வரவில்லை.

படகில் அவளுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். தலையில் கட்டிய துணியைப் பார்த்ததும் எல்லாருக்கும் இரக்கம். இரக்கம் கூடிப்போய்ப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. மற்ற வாங்குகளில் நெருக்கியடித்து இருந்தவர்கள், அவளுக்கு இரண்டு பேர் இருக்கிற இடத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

"ஆர் கூட வாறது, யூலியட் அக்கா?" என்று பின்னாலிருந்து ஊர்க்காரர் ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

"மகள் பஸ் ஸ்ராண்டில நிப்பாள்."

"அமலதாஸ் அண்ணை?"

"அவருக்குத் தொழில்."

ஆழ்வாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார். யூலியட்டும் கடலைப் பார்த்தாள். குறிகட்டுவான் துறை வரும்வரை அவளுடன் யாரும் வேறு பேச்சு வைக்கவில்லை.

யாழ்ப்பாண பஸ் ஸ்ராண்டில் கஜாலினி கையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். அம்மாவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நல்ல பிள்ளை. ஆனால் கடமையைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்ற அவசரம் அவள் முகத்தில் எப்போதும் இருக்கும். அந்த அவசரத்துக்கு முன்னால் மனம்விட்டுப் பேச யூலியட்டுக்குக் கூச்சம்.

ஸ்கான் எடுக்கிற இடத்தில் இருந்த பெண்ணின் பெயர் கம்சாயினி. முப்பது வயதுக்குள் இருக்கும். படம் எடுக்கிறது அவள் பொறுப்பு. யூலியட்டை ஒரு சின்ன அறையில் கதிரையில் இருத்தி, படிவத்தை எடுத்துக் கேள்விகளைத் தொடங்கினாள். கஜாலினி பக்கத்தில் நின்றாள்.

"இருதயத்துக்கு மெசின் ஏதும் வைச்சிருக்கோ, அம்மா?"

"இல்லை."

"கட்டின பல்லு?"

"இல்லை."

"உடம்புக்குள்ள இரும்பு ஏதும்? ஊசித் துண்டு, கம்பி, ஷெல் துண்டு?"

"இல்லை."

கம்சாயினி எழுதவில்லை. பேனையை மேசையில் வைத்தாள்.

"போன முறையும் இந்தக் கட்டத்தில இல்லை எண்டுதான் எழுதியிருக்கு. ஆனா படம் வேற கதை சொல்லுது. இஞ்ச பாருங்கோ."

கணினியைத் திருப்பினாள். மங்கலான படம். இடது பக்க ஓரத்தில், கையிடுக்கில், கமக்கட்டுக்குக் கீழே, ஒரு கறுப்பு ஓட்டை. அதைச் சுற்றி எல்லாம் கோணலாக இழுபட்டுக் கிடந்தது.

"இந்தக் கறுப்பு என்ன?" என்று கஜாலினி கேட்டாள்.

"அதைத்தான் நானும் கேக்கிறன். முதல் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லுறன். எனக்கு ஊர் அனலைதீவு. நீங்கள் நெடுந்தீவு எண்டபடியால் உங்களுக்கு விளங்கும். நயினாதீவுத் தேருக்குப் போற போட்டைப் பாத்திருக்கிறீங்கள்தானே? சனம் நெருக்கி ஏறினா ஒருதருக்கும் கை கால் அசைக்க ஏலாது. துறையில இறங்க இறங்க உள்ளுக்க நடந்து திரியலாம். கட்டியும் அப்பிடித்தான். கலங்கள் நெருங்கிக் கிடந்தா உடம்புத் தண்ணிக்கு அசைய இடமில்லை. மருந்து கேட்டால் கலங்கள் சாகும், தண்ணிக்கு இடம் வரும். அந்தத் தண்ணி எவ்வளவு அசையுது எண்டதை இந்த ஸ்கான் அளக்கும். கட்டி சின்னனாகிறதுக்கு முந்தியே மருந்து வேலை செய்யுதோ எண்டு இதில தெரியவரும்."

"அப்ப நல்லதுதானே?" என்றாள் கஜாலினி.

"நல்லதுதான். ஆனா பக்கத்தில இரும்பு கிடந்தா முதலில கெடுறதும் இந்தப் படம்தான். இரும்பு காந்தத்தைக் குழப்பும். அதோட, அது கிடக்கிற இடத்தைப் பொறுத்து ஆளுக்கே ஆபத்து வரலாம். அம்மா, திரும்பக் கேக்கிறன். ஏதும் இருக்கோ?"

"இல்லை, பிள்ளை," என்றாள் யூலியட்.

கம்சாயினி கஜாலினியைப் பார்த்தாள். "தங்கச்சி, கிளினிக் கொப்பியை முன்னுக்குக் குடுத்து ஒரு போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு வாறீங்களோ?"

கஜாலினி போனதும் கதவைச் சாத்தினாள். தன் கதிரையை இழுத்து யூலியட்டுக்குக் கிட்டப் போட்டாள்.

"என்ர அம்மாவுக்கும் தொடையில ஒரு ஷெல் பீஸ் கிடக்கு," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆர் கேட்டாலும் அவவும் இல்லை எண்டுதான் சொல்லுவா. பல்லுப் பிடுங்கப் போன இடத்திலயும் இல்லை எண்டவ. இந்தக் கேள்விக்கு எங்கட சனத்துக்கு வேற மறுமொழி தெரியாது. இஞ்ச நேவி இல்லை, அம்மா. நான் ஒருதருக்கும் எழுதிக் குடுக்கமாட்டன். ஸ்கானுக்கு மட்டும்தான்."

யூலியட் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. அவளுக்கு இருபது வயது. தையல் பழக யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டில் நின்றவள், இடம்பெயர்ந்த சனத்தோடு கிளிநொச்சிக்குப் போயிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் அள்ளப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அவள் ஒரு வாய்க்காலுக்குள் பொழுதுபடும்வரை தனியே கிடந்தாள். யாரோ சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மருந்து கட்டியவர், "உள்ளுக்க சின்னத் துண்டொண்டு கிடக்கு, தோண்டினா கை நரம்பு போயிடும், கிடக்கட்டும்," என்றார். அது அப்படியே கிடந்தது.

பிறகு ஊருக்குத் திரும்புகிறபோது, கூட்டிப்போக வந்திருந்த அவளுடைய தாய் நேசம்மா வழியெல்லாம் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தாள். தழும்பைத் துறையில் நிற்கிற நேவி கண்டால் போராளி இயக்கத்தில் இருந்தவள் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவான். "ஷெல் பட்டதோ எண்டு கேட்டா இல்லை எண்டு சொல்லு. என்ன காயம் எண்டா, பனையில கருக்கு மட்டை கிழிச்சது எண்டு சொல்லு." துறையில் பெண் சிப்பாய் ஒருத்தி சட்டையை விலக்கிப் பார்த்துக் கேட்டாள். யூலியட் தாய் சொன்னபடியே சொன்னாள். மாதத்துக்கு ஒருதரம் சோதனை. ஒவ்வொரு முறையும் இல்லை. அமலதாஸ் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது நேசம்மா அவர்களுக்கும் கருக்கு மட்டைக் கதையைத்தான் சொன்னாள். ஷெல் பட்ட பெட்டை என்றால் எந்த வீட்டில் எடுப்பார்கள்?

அமலதாஸ் அதை அப்படியே நம்பினார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவளைக் கருக்கு மட்டையைத் தொடவிட்டதில்லை. வேலிக்கு மட்டை வந்தால் தானே தூக்கி, தானே கருக்குச் சீவி, தானே அடுக்குவார். "உமக்கு அது ஆகாது," என்பார். இருபத்தைந்து வருடமாக, நடக்காத ஒன்றுக்காக ஒரு மனிதர் தன்மேல் இரக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது லேசான காரியமில்லை. படுக்கையில் பக்கத்தில் ஆள் இருந்தும் அவள் அந்த இடத்தில் தனியாகவே இருந்தாள்.

"போன முறை ஸ்கானுக்குள்ள ஏதும் தெரிஞ்சுதோ?" என்று கம்சாயினி கேட்டாள்.

"அந்த இடம் கொஞ்சம் சுட்டது. சொல்லேல்லை."

"கடவுளே! மகளுக்குத் தெரியுமோ?"

"இல்லை. அவவின்ர அப்பாவுக்கும் தெரியாது."

கம்சாயினி படிவத்தில் இல்லை என்று அச்சடித்திருந்ததை விட்டுவிட்டு, ஆம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாள்.

எக்ஸ்றே எடுத்தார்கள். மிளகளவில் ஒரு துண்டு, விலா எலும்புக்கு வெளியே, சதைக்குள். படம் பார்க்கிற டொக்டரம்மா வந்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கஜாலினியும் அந்நேரம் கொப்பியோடு திரும்பி வந்திருந்தாள். டொக்டரம்மாவுக்கு வீட்டுக் கதை தெரியாது. அவர் தன்பாட்டில் பேசினார்.

"இந்த ஷெல் துண்டு ஆபத்தான இடத்தில இல்லை. இருபத்தெட்டு வருசம் அசையாமக் கிடந்தது. ஸ்கான் எடுக்கலாம், நான் பக்கத்தில நிப்பன். சுட்டா உடனே சொல்லவேணும். ஆனா ஒரு பிரச்சினை இருக்கு. அளவு எண்டா ரெண்டு வேணும், முந்தி எவ்வளவு, இப்ப எவ்வளவு எண்டு. கட்டியின்ர நீள அகலம் மற்றப் படங்களில இருக்கு. தண்ணி அசைவின்ர பழைய அளவை நம்ப ஏலாது. கட்டி கிடக்கிற பக்கமே இழுபட்டுப் போச்சு."

"அப்ப முழுசா எடுக்கவேண்டி வருமோ?" என்று யூலியட் கேட்டாள்.

"இப்ப சொல்ல ஏலாது. இண்டைக்கு வேற முறையில எடுத்துப் பாப்பம். நேரம் கூடப் போகும், இழுபடுறது குறையும். தண்ணி நல்லா அசையுது எண்டு வந்தா அது தனியவே சாட்சி சொல்லும். இல்லாட்டிச் சத்திரசிகிச்சை டொக்டர் பயத்தில கூட வெட்டத்தான் பாப்பார். முந்தியே சொல்லியிருக்கலாம், அம்மா."

"டொக்டர், இந்தத் துண்டாலயோ கட்டி வந்தது?"

"இல்லை, இல்லை. இரும்பு கிடந்தும் கான்சர் வராது, அடிபட்டும் வராது. அப்பிடிச் சனம் சொல்லும். நம்பாதேங்கோ."

டொக்டரம்மா போய்விட்டார். கஜாலினி போட்டோக் கொப்பியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

"ஷெல்லோ?" என்றாள்.

"ஓம்."

"சின்னனில நான் கேட்கேக்க எனக்கும் கருக்கு மட்டை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"அப்பாவுக்குச் சொன்னதைத்தானே உனக்கும் சொல்லவேணும், பிள்ளை."

"நேவிக்குச் சொன்னது சரி, அம்மா. நான் ஆர்?"

கஜாலினி பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வாங்கில் இருந்தாள். அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனது கம்சாயினி.

குப்புறப் படுக்கவேண்டும். மேசையில் இரண்டு குழி, இரண்டு மார்புக்கும். நெற்றியைத் தாங்க ஒரு சின்னத் தலையணை. கையில் ஒரு ரப்பர்ப் பந்து. அவசரம் என்றால் அதை அமத்தவேண்டும். காதில் பஞ்சை வைத்து, மேலே இன்னொன்றைப் பூட்டி, "அசையக்கூடாது அம்மா, முக்கால் மணித்தியாலம்," என்று சொல்லிவிட்டுக் கம்சாயினி கதவைச் சாத்தினாள்.

மெசின் தடதடத்தது. அவளுக்கு ஷெல் சத்தம் நினைவு வந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் எழுதத்தான் யோசித்தேன். வரவில்லை. அவளுக்கு நினைவு வந்தது சத்தமில்லாத நேரம். ஷெல் விழுந்து முடிந்து, ஓடியவர்கள் ஓடி முடிந்து, வாய்க்காலுக்குள் தான் மட்டும் கிடந்த அந்தப் பின்னேரம். யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கிடந்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு கல்யாணம் வந்தது, பிள்ளை வந்தது, வீடு வந்தது. ஆனாலும் அந்த வாய்க்காலுக்குள் அவளைத் தேடி இன்னும் ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? அவள் அங்கே கிடந்ததே ஒருவருக்கும் தெரியாதே.

அந்த இடம் மெல்லச் சுட்டது. இந்த முறை பந்தை அமத்தினாள். மெசின் நின்றது. டொக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மெதுவான முறையில் திரும்பத் தொடங்கினார். முக்கால் மணித்தியாலம் ஒன்றரை மணித்தியாலமானது.

வெளியே வந்தபோது கம்சாயினி சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. "படம் தெளிவா வந்திருக்கு. அளவைப் பெரிய டொக்டர் பாத்துத்தான் சொல்லுவார். வியாழக்கிழமை கிளினிக்குக்கு வரும்."

மணி நாலரை. நெடுந்தீவுக்குப் போகிற படகு போய்விட்டிருக்கும். கஜாலினி வாங்கின் ஒரு ஓரத் தொங்கலில் இருந்தாள். யூலியட் மற்றத் தொங்கலில் போய் இருந்தாள். மகள் முந்திக்கொண்டு தகப்பனுக்குச் சொல்லிவிட்டாளோ என்று ஒரு பயம். கஜாலினி போனைக் கையில் வைத்திருந்தாள்.

"அப்பாவுக்குச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை. அது உங்கட வேலை."

கடுமையாகத்தான் சொன்னாள். ஆனால் இலக்கத்தை அழுத்திப் போனை அம்மாவிடம் நீட்டினாள்.

அமலதாஸ் உடனே எடுத்தார். கரையில் நிற்கிறார் போல, காற்று இரைந்தது.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. போட்டை விட்டிட்டன். இண்டைக்குப் பிள்ளையின்ர அறையில நிக்கிறன்."

"சரி."

அவர் சரி என்றால் அடுத்தது போனை வைப்பது.

"வையாதேங்கோ. ஒரு விசயம் சொல்லவேணும்."

சொன்னாள். கிளிநொச்சி, வாய்க்கால், துண்டு, அம்மாவின் பாடம், பெண் பார்க்க வந்த நாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். இடையில் நிறுத்தினால் திரும்பத் தொடங்கத் தன்னால் ஏலாது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் காற்று மட்டும் கேட்டது.

"நிக்கிறீங்களோ?"

"நிக்கிறன்."

"கோவமோ?"

"அந்தத் துண்டு எந்தப் பக்கம் கிடக்கு?"

"இடது பக்கம். கமக்கட்டுக்குக் கீழ."

"கட்டி வந்த பக்கமோ?"

"ஓம்."

பிறகு ஒரு சத்தம். முதலில் அவளுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. அமலதாஸ் அழுகிறார்.

"நான் நினைச்சன் என்னாலதான் எண்டு," என்றார். "போன மாரிக்கு வள்ளம் ஏத்தேக்க என்ர கையில இருந்த துடுப்புத் தண்டு வழுகி உம்மட நெஞ்சில இடிச்சதெல்லோ. இடது பக்கம். மூண்டு நாள் கண்டிக் கறுத்துக் கிடந்தது. பிறகு ஆறாம் மாசம் கட்டி எண்டினம். நான் என்ன முகத்தோட ஆஸ்பத்திரிக்கு வாறது? எப்பிடி வந்தது எண்டு டொக்டர் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

யூலியட்டுக்கு அந்தத் தண்டு இடித்ததே மறந்துபோயிருந்தது. இத்தனை மாதமாக வீட்டில் சுடுதண்ணீர் வைத்துவிட்டுக் கடலுக்கு ஓடிய மனிதர் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. பாவம் என்று இருந்தது. இத்தனை நாளும் சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது. அந்தக் கோபத்தைக் காட்டத் தனக்கு உரிமையில்லை என்பதும் விளங்கியது.

"உங்களால இல்லை," என்றாள்.

"அந்த இரும்பாலதான், என்ன?"

வாங்கின் அந்தத் தொங்கலிலிருந்து கஜாலினி திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லும், யூலியட். இரும்பாலதானே வந்தது? நான் இடிச்சதால இல்லையே?"

இரண்டாலும் இல்லை என்று சொன்னால் இவர் நம்பமாட்டார். ஒரு காரணம் கையில் இல்லாவிட்டால் திரும்பவும் அந்தத் தண்டைத்தான் பிடிப்பார். இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஓம்," என்றாள். "இரும்பாலதான்."

கஜாலினி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அமலதாஸ் மூக்கைச் சீறினார். இத்தனை மாதத்தில் கேட்காத ஒரு குரலில், பாரம் இறங்கின குரலில், பேசத் தொடங்கினார். இரவு சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொன்னார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வாய்க்காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தாள், யார் தூக்கினார்கள், நோவு எப்படி இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக மூடி வைத்திருந்ததை அவள் திறந்து காட்டினாள். அவர் அதற்குள் தன்னுடைய விடுதலையை மட்டும் எடுத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் நோவாக இருந்தது.

"நாளைக்கு முதல் போட்டில நானும் வாறன்," என்றார் அமலதாஸ். "வியாழக்கிழமை கிளினிக்குக்கும் கூட வாறன். அந்த டொக்டரிட்ட இந்த இரும்பைப் பற்றி நானே வாயால கேக்கவேணும். அப்பத்தான் எனக்கு நித்திரை வரும்."

இரும்பாலயும் இல்லை என்றுதான் டொக்டர் சொல்லப்போகிறார் என்பது யூலியட்டுக்குத் தெரியும்.

"வாங்கோ," என்றாள்.